கச்சானையும் மாரியையும் தாங்கும் ஓர் எறும்புக்கூடு

இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தி, நடுவே மண்ணை நிரப்பி, வளவில் பிடித்த எறும்புகளை அதற்குள் விட்டுவிட்டால் எறும்புப் பண்ணை ஆயத்தம் என்றுதான் பிள்ளைகளுக்கான செய்முறைக் குறிப்புகள் பலவும் சொல்கின்றன. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்து பெயர் பெற்ற எறும்புப் பண்ணையும் இந்த வடிவம் கொண்டதுதான். மட்டக்களப்பின் ஆரையம்பதியைப் போன்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்பாங்கான ஊரில் இதை அப்படியே செய்து வைப்பதில் பயனில்லை. வளவு மணல் ஈரமாக இருக்கும்வரை சுரங்கத்தைத் தாங்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கி ஈரம் வற்றியதும் சரிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதைவிடப் பெரிய குறை, வளவில் அள்ளிய எறும்புகளோடு இராணி வராது என்பதாகும். இராணி இல்லாத வேலையாள் எறும்புகள் கொஞ்ச நாட்கள் மும்முரமாகத் தோண்டும். பின்னர் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். அவற்றின் இடத்துக்குப் புதியவை வரமாட்டா. ஆறாம் தரத்தில் படிக்கும் மகளும் மூன்றாம் தரத்தில் படிக்கும் மகனும் எறும்பு வளர்க்கவேண்டும் என்று கேட்டபோது, சாவை மட்டும் காட்டும் பெட்டியொன்றைச் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஒரேயோர் இராணியிலிருந்து தொடங்குவது என்றும், மண்ணுக்குப் பதிலாகப் பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் கட்டியில் அறைகள் குடைந்து அதைக் கூடாக்குவது என்றும் முடிவு செய்தோம். பிளாஸ்டர்க் கூடு புதிய கண்டுபிடிப்பன்று. பிரான்சைச் சேர்ந்த சார்ள்ஸ் ஜனே என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தகைய கூட்டைச் செய்து எறும்புகளை ஆராய்ந்தார். அவருடைய கூட்டின் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி இருக்கும்; அங்கிருந்து ஈரம் பிளாஸ்டர் வழியாக ஊறிப் பரவுவதால், தொட்டியை அடுத்த அறை நன்றாக ஈரமாகவும், நடு அறை மிதமாகவும், கடைசி அறை உலர்ந்தும் இருக்கும். எந்த அறை வேண்டும் என்பதை எறும்புகளே தேர்ந்துகொள்ளும். இந்த ஒரு ஏற்பாட்டை ஒழுங்காகச் செய்துவிட்டால் மீதி வேலை எளிது. மட்டக்களப்பில் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. குளிர்நாடுகளில் எறும்பு வளர்ப்போர் சூடேற்றும் கம்பிகளை வாங்கி வைக்கிறார்கள், நமக்கு வீட்டு வெப்பமே போதும். நமக்கு உள்ள சிக்கல் முழுவதும் ஈரத்தைப் பற்றியதுதான்: மார்கழியில் அது கூடிவிடும், ஆனி ஆடியில் போதாமற் போய்விடும்.

எந்த எறும்பை வளர்ப்பது என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும். மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு பார்க்க அழகாக இருந்தாலும், உயிருள்ள இலைகளைத் தன் குடம்பிகளின் பட்டு நூலால் தைத்து வாழும் அந்த இனத்தைப் பெட்டிக்குள் அடைப்பது நடக்காத காரியம். கொட்டும் செவ்வெறும்பைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் யாரும் வளர்க்கத் துணியமாட்டார்கள். சீனிப் போத்தலைத் தேடி வரும் மிகச் சிறிய வீட்டெறும்புகளோ மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் வெளியேறிவிடும். நாங்கள் தேர்ந்தது கம்போனோட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பெரிய கறுப்பு எறும்பை. மரத்தடியிலும் மதிலோரத்திலும் இரவில் அலைந்து திரியும் இதற்குக் கொடுக்குக் கிடையாது. மிரண்டால் கடிக்கும், கடித்த இடத்தில் ஃபோமிக் அமிலத்தைப் பீச்சும். சற்றே எரியும், அவ்வளவுதான். உருவம் பெரிதாக இருப்பதால் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலே பிள்ளைகளால் அதன் வேலைகளைப் பார்க்க முடிகிறது. பிடிப்பதற்கும் அடைப்பதற்கும் கூட அந்தப் பருமனே உதவுகிறது.

இராணியைப் பிடிப்பதற்குரிய காலம் கச்சான் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கும் நாட்கள். மழை பெய்து விட்ட பின்னேரங்களில் சிறகு முளைத்த இளம் இராணிகளும் ஆண் எறும்புகளும் கூடுகளிலிருந்து பறந்து வெளியேறும். இணை சேர்ந்த பின் ஆண்கள் செத்துவிட, இராணி தரையில் இறங்கித் தன் சிறகுகளைத் தானே முறித்து எறிந்துவிட்டுப் புதிய கூட்டுக்கு இடம் தேடும். அதே இரவுகளில் ஈசலும் விறாந்தை மின்குமிழைச் சூழ்ந்துகொள்ளும் என்பதால், இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தேன். ஈசலுக்கு இடை தெரியாது, உணர்கொம்பு நேராக இருக்கும், நான்கு சிறகுகளும் ஒரே நீளம். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கையில் மடிந்தது மாதிரி வளைந்திருக்கும், முன்சிறகு பின்சிறகைவிடப் பெரிது. காலையில் விறாந்தையில் கூட்டித் தள்ளும் சிறகுக் குவியலில் மகன் இரண்டு வகைச் சிறகுகளையும் பொறுக்கித் தாளில் ஒட்டி வைத்தான். அந்தத் தாள் இன்னும் அவனுடைய கொப்பிக்குள் இருக்கிறது.

சிறகு உதிர்த்துவிட்டுச் சுவரோரமாக விரைந்து நடக்கும், முதுகு புடைத்த, ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குக் குறையாத எறும்பையே தேடவேண்டும். சிறகோடு இருப்பது இன்னும் இணை சேராததாக இருக்கலாம்; சிறகு உதிர்த்தவையும் எல்லாமே கருவுற்றிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதனால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பிடித்துத் தனித்தனிக் குழாய்களில் வைப்பது நல்லது. ஒரே குழாயில் இரண்டு இராணிகளை விடக்கூடாது.

குழாய் ஏற்பாடு மிக எளிமையானது. ஆய்வுகூடங்களில் பயன்படுத்தும் கண்ணாடிச் சோதனைக்குழாயில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொதித்தாறிய தண்ணீரை ஊற்றி, பாமசியில் வாங்கும் பஞ்சை இறுக்கமாகத் தண்ணீர் வரையில் தள்ளிவிடவேண்டும். பஞ்சு நனையும், ஆனால் தண்ணீர் ஒழுகாது. மீதி இடத்தில் இராணியை விட்டு வாயையும் பஞ்சால் அடைத்து, குழாயைப் படுக்கையாக வைத்துக் கறுப்புத் தாளைச் சுற்றிவிட்டால் அவ்வளவுதான். இந்த ஏற்பாடு எவ்வளவு நம்பகமானது என்பதற்குச் சங்கடமான சான்று ஒன்றும் உண்டு: 2025ஆம் ஆண்டு கென்யாவில் ஏறத்தாழ 5,000 இராணி எறும்புகளை வெளிநாட்டுக்குக் கடத்த முயன்ற இருவர் பிடிபட்டபோது, எறும்புகள் பஞ்சடைத்த சிறு குழாய்களில்தான் இருந்தன, அவர்களுக்குத் தலா பத்து இலட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. எறும்பை விலைக்கு வாங்கும் பழக்கம் வேண்டாம் என்று நான் நினைப்பதற்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம். வேற்று நாட்டு எறும்பு தப்பி வெளியேறினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் முழுவதும் வேண்டிய உதாரணங்கள் இருக்கின்றன. நம் வளவில் இருப்பதே நமக்குப் போதும்.

இதன் பிறகுதான் பிள்ளைகளுக்குக் கடினமான பகுதி வருகிறது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. முதற் பிள்ளைகள் வெளிவரும்வரை இந்த இன இராணி உணவே உண்பதில்லை. இனிப் பறக்க வேண்டிய தேவை இல்லாததால் அதன் பறப்புத் தசைகள் கரைந்து உணவாக மாறுகின்றன. உடற் கொழுப்பும் சேர்ந்துகொள்கிறது. அதிலிருந்தே முட்டையிட்டுக் குடம்பிகளுக்கும் ஊட்டிவிடுகிறது. குழாயை அடிக்கடி எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் இராணி மிரண்டு தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் குழாயைத் தூக்காமல் தாளை மட்டும் விலக்கிப் பார்ப்பது என்று விதி வைத்தோம்.

எங்கள் மாமிக்கு இது பொறுக்கவில்லை. “மனே, அந்தச் சீவன் பட்டினி கிடக்குது. கொஞ்சம் சீனியாவது போட்டு விடுங்க கா, மறுகா நமக்குத்தான் பாவம்” என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். “அது செட்டை ஆட்டின சதையைத்தான் அம்மம்மா சாப்பிடுது” என்று மகள் விளக்கியபோது, “என்ன கதை கா இது, தன்ட சதையைத் தானே தின்டுதாமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் அதன் பிறகு வாராந்தப் பார்வைக்கு அவரும் மூக்குக்கண்ணாடியோடு வந்து உட்காரத் தொடங்கினார்.

முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று பாடப்புத்தகத்தில் நான்கு படங்களாக இருப்பது குழாய்க்குள் ஒன்றரை மாதமளவில் நடந்து முடிகிறது. முட்டைகள் மிகச் சிறியவை, ஒன்றோடொன்று ஒட்டிய வெள்ளைக் கொத்தாகவே தெரியும். எறும்பு முட்டை என்று நம்மவர்கள் காட்டும் நெல்மணி அளவான பொருள் உண்மையில் முட்டையன்று, பட்டு உறைக்குள் கிடக்கும் கூட்டுப்புழு. உறையின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும். குடம்பியாக இருந்த காலம் முழுவதும் வயிற்றில் அடக்கி வைத்திருந்த கழிவை அது உறைக்குள் வெளியேற்றிய அடையாளம் அது. முதல் எறும்பு வெளிவந்ததை நாங்கள் நேரே பார்த்தோம். இராணி உறையை முன்கால்களால் பிடித்து, தாடைகளால் ஒரு முனையை மெல்ல மெல்லக் கடித்துத் திறந்தது. உள்ளே கால்களும் உணர்கொம்பும் உடலோடு மடிந்தபடி, நிறமே ஏறாத, கண்கள் மட்டும் கறுத்த ஓர் எறும்பு கிடந்தது. இராணி அதை இழுத்தெடுத்து நக்கி நக்கி ஒவ்வொரு காலாக விரித்துவிட்டது. எழுந்து நிற்கவே அதற்கு நீண்ட நேரம் பிடித்தது. முதல் தலைமுறை வேலையாட்கள் வழமையான அளவில் பாதியளவே இருக்கும்; இராணியின் கையிருப்பு அவ்வளவுதான்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் கூட்டைச் செய்தோம். ஆழம் குறைந்த, பக்கங்கள் நேரான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றையும், அதன் உள்ளளவுக்குச் சரியாக வெட்டுவித்த கண்ணாடித் தகட்டையும் எடுத்துக்கொண்டோம். கண்ணாடியின் மேல் பிள்ளைகள் பிளாஸ்டிசின் களிமண்ணால் அறைகளையும் அவற்றை இணைக்கும் வழிகளையும் வடித்து ஒட்டினார்கள். அறைகளின் உயரம் ஒரு சென்ரிமீற்றர் இருந்தால் போதும்; உயரம் கூடினால் எறும்புகள் பாதுகாப்பாக உணர்வதில்லை. ஒரு முனையில், அறைகளிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்காகத் தனியாக ஒரு கட்டியை வைத்தோம். அது எந்த அறையோடும் தொடுக்கப்படக்கூடாது. களிமண் பக்கம் மேலே இருக்குமாறு கண்ணாடியைப் பெட்டியின் அடியில் வைத்து, அதன்மேல் பிளாஸ்டரை ஊற்றுவதுதான் முறை. கட்டி இறுகிய பின் எல்லாவற்றையும் கவிழ்த்தெடுத்தால் கண்ணாடி மேலே வந்துவிடும். தொட்டியை அப்போது கட்டியின் பக்கவாட்டிலிருந்து துளையிட்டுத் திறந்துகொள்ளலாம்.

பிளாஸ்டரைக் கலக்கும்போது மாவின் மேல் தண்ணீரை ஊற்றாமல், தண்ணீருக்குள் மாவைத் தூவவேண்டும். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்பது ஏறத்தாழச் சரியான அளவு. நிதானமாகக் கலக்கினால் குமிழி குறையும். ஊற்றியதும் பெட்டியை மேசையில் மெல்லத் தட்டிவிட்டால் மிஞ்சிய குமிழிகளும் மேலே வந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் அது இறுகிவிடும். இறுகும்போது பிளாஸ்டர் தண்ணீரோடு இரசாயன முறையில் சேர்ந்து வெப்பத்தை வெளிவிடுகிறது. பெரிய அளவில் இருந்தால் கையைச் சுட்டுவிடக்கூடிய வெப்பம் அது. பிள்ளைகள் பெட்டியின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் இறுகும் பிளாஸ்டருக்குள் விரலையோ கையையோ விட எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக்கூடாது. மிஞ்சிய கலவையைக் குசினித் தொட்டியில் ஊற்றினால் குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். பழைய பேணியில் ஊற்றி இறுகவிட்டு எறிந்துவிடுவதே நல்லது.

மறுநாள் களிமண்ணைச் சுரண்டி எடுத்து, கட்டியை நன்றாக உலரவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் திரும்பவும் பொருத்தி ஓரங்களைச் சிலிக்கன் பசையால் ஒட்டினோம். சிலிக்கனின் புளித்த வாடை முழுவதும் போகும்வரை எறும்பை விடக்கூடாது. உலர்ந்த முனையில் காற்றுத் துளை ஒன்று வேண்டும். அதைக் கம்பி வலையால் மூடவேண்டும். நைலோன் வலையை இந்த எறும்பு கடித்துக் கிழித்துவிடும். தேத்தண்ணி வடியிலிருந்து வெட்டிய வலைத் துண்டு இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது. கூட்டையும் உணவு வைக்கும் வெளிப்பெட்டியையும் இணைக்க, மேசன்மார் நீர்மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான குழாயில் ஒரு முழம் ஹாட்வெயார் கடையில் வாங்கினேன். மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் குழாய் மலிவுதான், ஆனால் பெரிய தலையுள்ள வேலையாட்கள் வளர்ந்து வரும்போது அதற்குள் அவை இடறும். குழாய் வழியாக எறும்புகள் எதிரெதிரே வந்து உணர்கொம்பால் தொட்டுக்கொண்டு விலகுவதுதான் பிள்ளைகள் அதிகநேரம் பார்க்கும் காட்சியாகிவிட்டது. கூட்டைவிட அந்த ஒரு முழக் குழாய்க்கே வரவேற்பு அதிகம்.

வெளிப்பெட்டியின் மேல்விளிம்பில் எறும்பு ஏறாமலிருக்கத் தடை வேண்டும். முகப்பவுடரைத் தூய மதுசாரத்தில் குழைத்துப் பூசினால் அது காய்ந்து வழுக்கும் படையாகிவிடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் முறை. ஆவணியில் அது சிறப்பாகவே வேலை செய்யும். மாரியில், காற்றே நனைந்திருக்கும் நாட்களில், பவுடர் ஈரத்தை உறிஞ்சிக் கால் பதிய இடம் கொடுத்துவிடுகிறது. மழைக்காலம் முழுவதும் வாசலின் களிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிதாகத் தேய்ப்பதும், தூசு படிந்ததும் துடைத்துப் புதிதாகத் தேய்ப்பதுமே நம்பகமானது. தடித்துப் பூசினால் எறும்பு அதில் ஒட்டிச் செத்துவிடும்.

உள்ளிருப்பவை வெளியேறுவதைவிட, வெளியிலிருப்பவை உள்ளே புகுவதுதான் எங்கள் வீடுகளில் பெரிய ஆபத்து. சிறு வீட்டெறும்புகள் சீனிக் கரைசலை மோப்பம் பிடித்து வந்து, இளங் கூட்டுக்குள் புகுந்து குடம்பிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நம் வீடுகளில் உணவு அலுமாரியின் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளில் நிறுத்தும் பழக்கம் இதற்கும் பொருந்தும். ஆனால் தேங்கிய தண்ணீர் என்றால் நுளம்பு, நுளம்பு என்றால் டெங்கு. வீட்டைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எறும்புப் பண்ணை என்ற விளக்கத்தை ஏற்கமாட்டார். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளைப் பேணிகளில் விட்டால் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்துவிடும். எறும்பு மிதந்து கடக்க முடியாமல் மூழ்கும், நுளம்புக் குடம்பியும் மேற்பரப்பில் தொங்கிச் சுவாசிக்க முடியாமல் சாகும். அப்படியிருந்தும் வாரம் ஒரு தடவை பேணிகளைக் கழுவித் தண்ணீரை மாற்றுவது மகனின் பொறுப்பு.

உணவு விடயம் சுருக்கமானது. ஒரு பங்கு சீனிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சில் தோய்த்து வைத்தால் வேலையாட்களுக்குச் சக்தி. குடம்பிகள் வளரப் புரதம் வேண்டும்: மின்சார மட்டையில் அடிபட்ட நுளம்புகள், ஈ, சிறு வெட்டுக்கிளி, அவித்த முட்டையின் மஞ்சட்கரு. வளர்ந்த எறும்பால் திண்ம உணவை விழுங்க முடியாது. அது கொண்டுவந்த துண்டைக் குடம்பியின் மேல் வைக்கும், குடம்பியே அதைத் தின்று செரிக்கும். பிடித்த பூச்சிகளைக் கொதிநீரில் ஒரு தடவை முக்கியெடுத்தால் அவற்றோடு வரும் சிற்றுண்ணிகள் கூட்டுக்குள் போகா. பெரும்போக வேளாண்மைக்கு மருந்தடிக்கும் நாட்களில் வயற்பக்கத்து வெட்டுக்கிளி எதையும் கொடுக்கவேண்டாம். வீட்டுக்குள் மருந்தடித்துச் செத்த கரப்பானும் அப்படித்தான். நுளம்புத் திரி கொளுத்தும் அறையில் கூட்டை வைக்கக்கூடாது, ஏனெனில் திரியில் இருக்கும் பூச்சிகொல்லிக்கு எறும்பும் ஒரு பூச்சிதான். ஊரில் டெங்குப் புகை அடிக்கும் நாளில் கூட்டைப் பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி மூடி உள்ளறையில் வைத்துவிடுவோம்.

இனி ஈரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கூட்டைச் செய்த நாளிலிருந்து இன்றுவரை எங்களுடைய கவனத்தில் பெரும்பகுதியை அதுதான் எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த பிளாஸ்டர் வெண்மையாகவும் நனைந்தது சாம்பல் நிறமாகவும் இருப்பதால் ஈரம் எதுவரை பரவியிருக்கிறது என்பது கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரியும். அந்த எல்லையைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பேனையால் கோடிட்டுத் திகதி எழுதும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். கார்த்திகை, மார்கழியில் தொட்டியில் சிரிஞ்சால் விட்ட சிறிதளவு தண்ணீரே கடைசி அறைவரை ஊறி நின்றது. கண்ணாடியின் உட்புறம் வியர்த்து, துளிகள் சேர்ந்து, சின்ன எறும்புகள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. வெளிப்பெட்டியில் மிஞ்சிய பூச்சித் துண்டுகளில் ஒரே இரவில் பூஞ்சணம் படர்ந்தது. ஈரம் மிகுந்த பிளாஸ்டர் மிருதுவாகிவிடுவதால் எறும்புகள் சுவரைக் கடித்துத் தோண்டத் தொடங்கின. வெளிப்பெட்டியில் வெள்ளைத் துகள்கள் சிறு குவியலாகச் சேர்வதே அதற்கு அடையாளம். மழைக்காலத்தில் தொட்டியை முற்றாக வற்றவிட்டு, வலைத்துளையைத் திறந்து வைத்து, எல்லைக்கோடு கூட்டின் பாதிக்குப் பின்வாங்கிய பிறகே மீண்டும் தண்ணீர் விடுவது எங்கள் நடைமுறையாகிவிட்டது.

கச்சான் காலத்தில் எல்லாம் தலைகீழ். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூடான வரண்ட காற்று காலையில் விட்ட தண்ணீரைப் பின்னேரத்துக்குள் இழுத்துவிடும். கோடு நாளுக்கு நாள் தொட்டியை நோக்கிச் சுருங்க, எறும்புகளும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு கோட்டின் பின்னாலேயே நகர்ந்ததைப் பிள்ளைகள் கண்ணாடியில் பார்த்தார்கள். முட்டைகளும் இளங்குடம்பிகளும் எப்போதும் சாம்பல் நிறப் பகுதியில் இருந்தன. கூட்டுப்புழு உறைகளை மட்டும் எல்லையின் வெண்மைப் பக்கத்தில், சற்று உலர்ந்த இடத்தில் அடுக்கி வைத்தன. ஈரம் முழுவதும் ஒரே அறைக்குள் ஒடுங்கியபோது எல்லாமே அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஒரு நாளில் பல தடவை சிரிஞ்சு பிடிக்க யாராலும் முடியாது என்பதால், பருத்தியாலான லாம்புத் திரியின் ஒரு முனையைத் தண்ணீர்ப் போத்தலிலும் மறுமுனையைத் தொட்டியிலும் விட்டோம். தண்ணீர் திரியில் ஏறித் தொட்டிக்கு வேண்டிய அளவே வந்து சேருகிறது. போத்தலின் தண்ணீர் மட்டம் தொட்டியைவிடத் தாழ்வாகவே இருக்கவேண்டும். உயரமாக இருந்தால் திரி முழுப் போத்தலையும் கூட்டுக்குள் இறைத்துவிடும். போத்தல் வாயை நுளம்புக்காக ரேப் ஒட்டி அடைக்கவேண்டும். இந்தத் திரி வந்த பிறகு கச்சானுக்குள் கோடு நடு அறையில் நிலையாக நிற்கிறது, குஞ்சுகளும் இடம்பெயரவில்லை.

வெளிச்சம் பற்றி மகள் ஒரு பரிசோதனை செய்தாள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் லபொக் 19ஆம் நூற்றாண்டில் எறும்புக் கூடுகளின் மேல் வெவ்வேறு நிறக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்து, எறும்புகள் ஊதா நிற ஒளியை விட்டு விலகுவதையும், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அவை உணர்வதையும் காட்டியவர். நாங்கள் பரிசுப் பொதிகளுக்குச் சுற்றும் சிவப்பு, ஊதா நிற வழவழப்புத் தாள்களைப் பாதிப் பாதியாகக் கண்ணாடியின் மேல் விரித்து, கூட்டை யன்னலோரம் நேர் வெயில் படாத இடத்தில் வைத்தோம். பின்னேரத்துக்குள் உறைகள் எல்லாம் சிவப்புத் தாளின் கீழே போய்ச் சேர்ந்துவிட்டன. தாள்களை இடம் மாற்றியபோது அவையும் இடம் மாறின. அதை ஒரு தடவைக்கு மேல் செய்ய நான் விடவில்லை, தூக்கிச் சுமப்பவை அவைதானே. சிவப்பொளி அவற்றுக்கு மிக மங்கலாகவே தெரியும் என்பதால் இப்போது கூட்டின் மேல் நிரந்தரமாகச் சிவப்புத் தாள்தான். நமக்குப் பார்க்கவும் முடியும், அவற்றுக்கு இருட்டாகவும் இருக்கும்.

செத்த எறும்புகளை மற்றவை வெளிப்பெட்டியின் தொலைவான மூலைக்குக் கொண்டுபோய்க் குவிக்கும். மகன் முதலில் இதை அடக்கம் செய்வதாகவே எடுத்துக்கொண்டான். செத்த உடலில் சிறிது காலத்தின் பின் உண்டாகும் ஒலெயிக் அமிலத்தின் வாடையே அவற்றை அப்படிச் செய்யத் தூண்டுகிறது என்பதை அமெரிக்க எறும்பு ஆராய்ச்சியாளர் எட்வர்ட் வில்சன் 1958இல் கண்டறிந்தார். அந்த அமிலத்தைப் பூசிய உயிருள்ள எறும்பையும் தோழிகள் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டன என்று சொன்னதும், அது திரும்பி வந்ததா என்றுதான் அவன் கேட்டான். தன்னைத் துப்புரவாக்கி வாடை போகும்வரை திரும்பத் திரும்பத் தூக்கி எறியப்பட்டது என்றேன். அந்தப் பதில் அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இதைத் தொடங்க நினைக்கும் பெற்றோர் காலத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். லபொக் வளர்த்த இராணி ஒன்று 1874 தொடக்கம் 1888 வரை உயிரோடிருந்தது. தோட்டக் கறுப்பெறும்பு இனத்தின் இராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. நம் இராணி அவ்வளவு காலம் இருக்குமோ இல்லையோ, பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும்போதும் பேணியில் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கலாம். அலுத்துப்போனால் விடுவிப்பதும் கடினமன்று. பிடித்த அதே வளவில், மழை ஓய்ந்த பின்னேரமொன்றில், மரத்தடியில் கூட்டைத் திறந்து வைத்தால் அவை தாமாகவே இடம் தேடிக்கொள்ளும். வேற்றூருக்குக் கொண்டுபோய் விடவோ, வேறொரு கூட்டத்தின் எறும்புகளை இதனோடு சேர்க்கவோ கூடாது. மணம் வேறுபடுவதால் இரண்டும் ஒன்றையொன்று கொன்று தீர்த்துவிடும்.

எங்கள் கூட்டம் இப்போது முதற் கட்டியை நிறைத்துவிட்டது. கூட்டுப்புழு உறைகள் குழாய்க்குள்ளும் வந்து கிடக்கின்றன. இரண்டாவது கட்டியை ஊற்றியாகிவிட்டது; அது விறாந்தையில் உலர்கிறது. இம்முறை தொட்டியை முனையில் வைக்காமல் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஈரம் குறைந்துகொண்டே போகுமாறு அமைத்திருக்கிறோம். மகன் வடித்த அறைகளில் ஒன்று மற்றவற்றைவிட ஆழமாக வந்துவிட்டது. அதைப் பிளாஸ்டரால் நிரப்புவதா, அப்படியே விட்டு இராணி அங்கே போகிறதா என்று பார்ப்பதா என்று அவனும் அக்காவும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. சிலிக்கன் பூசுவதற்கு முன்னர் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.